பதினாலு காரட் கம்மல்

அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பினதும் முதலில் கால் வைக்கிறவள் மாரியாயிதான். மற்றவர்கள் ஆவி அடங்கட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். அவளுக்கு அந்தச் சூடு பழகிவிட்டது. கல்யாணம் கட்டி மண்ணச்சநல்லூருக்கு வந்த வருசமே அந்த ரைஸ்மில்லுக்கு வேலைக்கு வந்தவள். பன்னிரண்டு வருசத்தில் உள்ளங்கால் இரண்டும் களத்துச் சிமிண்டு மாதிரியே ஆகிவிட்டன. நெல்லுக்குள் காலைப் புதைத்து, தூக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனால் பின்னால் இரண்டு வரப்பு விழும். திரும்பி வரும்போது அதைக் கலைத்துப் புது வரப்பு. வெயில் ஏறி இறங்குகிற வரைக்கும் இதுதான் வேலை.

நடக்க நடக்க ஒரு நேரத்தில் கால் தனியாகப் போகும், ஆள் தனியாகப் போவாள். வெந்த நெல்லின் வாசனை தலைக்குள் ஏறியிருக்கும். பாய்லர் பக்கத்து உமிப்புகை களத்தின் மேல் ஒரு மெல்லிய துணி மாதிரி தொங்கும். எதிரில் நடந்து வருகிறவளுக்குக் கால் இருக்காது, கானலில் மிதந்து வருவாள். அப்படிப்பட்ட நேரத்தில் மாரியாயிக்குக் காதில் ஏதோ கனப்பது போல இருக்கும். தொட்டுப் பார்ப்பாள். ஓட்டை தூர்ந்து போகாமல் இருக்கச் சொருகின வேப்பங்குச்சிதான்.

கல்யாணத்துக்குப் போட்டு வந்த கம்மல் போய் ஐந்து வருசம் ஆகிறது.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் களம் மூடிவிடும். வெயில் இல்லாமல் நெல் காயாது, நெல் காயாமல் கூலி கிடையாது. அப்போது களத்துப் பெண்களின் காதும் மூக்கும் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகும். தையில் புது நெல் வந்து களம் திறந்தால் திரும்பி வரும். கார்த்திகை மாசத்தில் அந்தத் தெருவில் நடந்தால் எல்லார் காதும் மூளிதான். ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ண வழியில்லை. சிலருடையது திரும்பி வராது. வட்டி ஏறி முழுகிவிடும். மாரியாயியுடையது ஏழு தடவை போய் ஆறு தடவை திரும்பி வந்தது.

அவள் புருசன் வீரமலை அதே மில்லில் மூட்டை ஏற்றுகிறவன். நல்ல மனுசன்தான். குடி கிடையாது, கை ஓங்க மாட்டான், மகள் ரெங்கம்மாவைத் தோளிலிருந்து இறக்க மாட்டான். ஆனால் வீட்டில் கஷ்டம் என்று வந்தால் அவன் கண் நேராக அவள் காதுக்குத்தான் போகும். அவன் அப்பா கண்ணும் அப்படித்தான் போனது என்பார்கள்.

அந்த வருசம் மாரியாயி களத்து ஓரம் சிந்தின தவிட்டையும் குருணையையும் கூட்டிப் போட்டு இரண்டு ஆடு வளர்த்தாள். ஆனி கடைசியில் சமயபுரம் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றாள்.

"ஒன் ஆடு, ஒன் காது. கம்மல் எடுத்துக்க" என்றான் வீரமலை. மனசாரத்தான் சொன்னான்.

மத்தியானம் சங்கு ஊதினதும் பெண்கள் படுதாக் குவியலின் நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்தார்கள். பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர்மிளகாய். களத்திலேயே மூத்தவளான இருசம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"என்னாடி மாரி, ரெண்டு ஆடும் காதுல ஏறப் போவுதாமே? தாங்குமாடி காது?"

"தாங்காட்டி ஒண்ண ஒன் காதுல ஏத்தி விடுறேங்க்கா."

"எனக்கெதுக்கு? நான் போட்டு இழந்ததே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாசி மாசத்தில் இருசம்மாளின் கம்மல் நெல்லில் விழுந்து தொலைந்த கதை ஊருக்கே தெரியும். நல்ல பவுன், பழைய கம்மல். நாள் முழுக்க வியர்வையும் தூசியும் பட்டுத் திருகாணியின் மரை தேய்ந்து போயிருந்தது. எப்போது கழன்றதென்றே தெரியவில்லை. களத்தில் கிடந்த அத்தனை நெல்லையும் முறத்தில் போட்டுப் புடைத்தார்கள். மூன்றாம் நாள் அரவை மிஷினுக்குள் போய், தவிட்டோடு நசுங்கி, மிளகாய் விதை மாதிரி வெளியே வந்தது.

"நல்ல பவுனுன்னா மெதுவாத்தான் இருக்கும். அது கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டு வந்து பொட்டியில வெக்கிறவங்களுக்கு" என்றாள் லூர்துராணி. அவள் புதிதாக வந்தவள், புருசன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தினக்கூலி. "இப்பத்தான் சைனாக்காரன் சண்டைக்கப்பறம் கவர்மெண்டு சட்டம் போட்டுருச்சுல்ல. புது நகைன்னா பதினாலு காரட்டுக்கு மேல செய்யக்கூடாதாம்."

"பதினாலுன்னா என்னாடி கணக்கு?"

"இருவத்திநாலு பங்குல பதினாலு தங்கம். மிச்சம் செம்பு கிம்பு."

"அடிப்பாவி! பாதிக்குப் பாதி கல்லு கெடந்தா அத அரிசிம்பியா?"

"கேளுங்கக்கா. எங்க நாத்தனா ஒரு மோதரம் எடுத்தா அதுல. கொஞ்சம் செவசெவன்னுதான் இருக்கு. ஆனா பாத்திரம் வெளக்குறா, சாணி தட்டுறா, ஒரு கீறல் விழணுமே! இரும்பாட்டம் நிக்குது. கொறன்னா ஒண்ணே ஒண்ணுதான். அவசரத்துக்கு அடகு வெக்கப் போனா. கடக்காரன் கல்லுல ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு, 'கொண்டு போம்மா, இத நாங்க எடுக்குறதில்ல'ன்னுட்டான். நாலு கடை ஏறி எறங்குனா. ஒருத்தனும் தொடல."

"அப்பறம் எதுக்குடி அது? அவசரத்துக்கு ஆவாதது ஒரு நகையா?" என்றாள் இருசம்மாள். "அதுக்கு ரெண்டு வேப்பங்குச்சியே மேலு. பல்லாச்சும் வெளக்கலாம்."

மாரியாயியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு மோர்மிளகாயைக் கடித்தவள் அப்படியே நிறுத்தினாள். ஒருத்தனும் தொடல. மறுபடி களத்தில் இறங்கி நடந்தபோதும் அந்தச் சொல் கூடவே நடந்தது. மழை பெய்துகொண்டே இருக்கிறது, தெருவில் எல்லாரும் மூளிக் காதோடு நிற்கிறார்கள், அவள் காதில் மட்டும் சிவப்பாக இரண்டு பொட்டு எரிகிறது என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நெல்லின் சூடு ஏறி வந்தது. வரப்பு கோணலாகப் போயிருப்பதை மேஸ்திரி கத்தின பிறகுதான் பார்த்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு மில் லீவு. மாரியாயியும் வீரமலையும் பிள்ளையும் விடிகாலையிலேயே பஸ் பிடித்து, டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்கு நடந்தார்கள். பஸ்ஸில் இருசம்மாளும் கூட வந்திருந்தாள். காவேரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போனது. செங்காவித் தண்ணீர். படித்துறை முழுக்க ஈரச் சேலையும் மஞ்சளும் வாழைமட்டையும். எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பரிசி மெல்லுகிற வாய்கள்.

மாரியாயி முங்கி எழுந்து ஈரத்தோடு உட்கார்ந்தாள். இருசம்மாள் அவளுக்குப் புது மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, பழைய கயிற்றை ஆற்றில் விட்டாள். பிறகு மட்டையில் வெல்லம் கலந்த அரிசி, பூ, விளக்கு, காதோலை, கருகமணி எல்லாம் வைத்தார்கள். காதோலை என்பது பனை ஓலையைச் சின்னதாகச் சுருட்டி நுனியில் குங்குமம் தடவினது. இரண்டு சுருள்.

"ஆத்துக்கு எதுக்கும்மா இது?" என்று கேட்டாள் ரெங்கம்மா. அவளுக்கு எட்டு வயசு.

"ஆறும் பொம்பளதான? காது மூளியா இருக்கலாமா?"

ரெங்கம்மா மட்டையைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் காதைப் பார்த்தாள்.

மட்டை கொஞ்ச தூரம் தள்ளாடிப் போய், ஒரு சுழிப்பில் நின்று யோசித்து, அப்புறம் நடு ஆற்றுக்குப் போனது. அதன் பின்னால் வேறொருத்தியுடையது, அதன் பின்னால் இன்னொன்று. நூறு, இருநூறு விளக்கு. எத்தனை காது இருக்கும் இந்த ஆற்றுக்கு என்று நினைத்தாள் மாரியாயி. அத்தனையிலும் ஓலை போட்டுக்கொண்டு படுத்த வாக்கில் போகிறது, கேட்டால் கழற்றித் தராது. தண்ணீர் அவள் கால் விரல்களுக்கு நடுவில் நெல் மாதிரியே நெருடிக்கொண்டு ஓடியது. இருசம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டும் அவளுக்குக் காதில் விழவில்லை.

"ஏன்டி, ஆத்தோடயே போயிடுவ போலருக்கு! கெளம்பு, ஒன் புருசன் புளிசோறு பூராத்தையும் முடிச்சிருவான்."

வெயில் ஏறின பிறகு வீரமலையும் அவளும் பிள்ளையுமாகக் காவேரிப் பாலத்தைக் கடந்து பெரிய கடைவீதிக்குப் போனார்கள். நாளும் கிழமையுமானதால் கடையில் கூட்டம். அவர்கள் உட்கார்ந்த கடையில் முதலாளி பணக்காரர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த ரத்தினவேல் பத்தர்தான் இவர்களைக் கூப்பிட்டார். அட்டையில் கோத்த கம்மல்களை எடுத்துக் காட்டினார். எல்லாம் பதினாலு.

"என்னாங்க, செவப்பா இருக்கு?" என்றான் வீரமலை.

"சட்டம் அப்படி. நான் என்ன பண்ண? எங்கப்பா காலத்துலேர்ந்து தங்கத்தத் தொட்ட கை, இப்ப செம்புக்குச் சம்பந்தி ஆயிட்டேன்." பத்தர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "நல்ல பவுனுல வேணும்னா வீட்டுல வெச்சு செஞ்சு தரலாம். பத்து நாள் ஆவும். வெளியில மூச்சு விடக்கூடாது."

வீரமலைக்கு முகம் மலர்ந்தது. "அதாங்க வேணும். தங்கம்னா தங்கமா இருக்கணும்ல. எடை கொஞ்சம் கம்மியானாலும் பரவால்ல. ஒரு ஆத்திரம் அவசரம்னா..."

"எனக்கு இதே போதும்" என்றாள் மாரியாயி. அட்டையில் ஒரு கம்மலைத் தொட்டாள். பூ மாதிரி, நடுவில் ஒரு சிவப்புக் கல்.

"என்னாடி போதும்? வெவரந் தெரியாம பேசாத."

"சட்டத்துக்கு மீறி எதுக்குங்க? போலீசு வந்து காதோட புடிச்சுட்டுப் போனா?"

"ஒன் காத எந்தப் போலீசு பாக்கப் போறான்?"

"அது மெதுவா இருக்கும். இருசம்மாக்காளோடது எப்படிப் போச்சு? நான் களத்துல நடக்குறவ. தெனம் போடுறதுக்கு இதாங்க நிக்கும்."

"ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். என் ஆடுதான?"

ஆட்டைச் சொன்னதும் அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்னமோ பண்ணு" என்று எழுந்து, பிள்ளைக்குச் சவ்வுமிட்டாய் வாங்கப் போய்விட்டான்.

பத்தர் கம்மலைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, ஒண்ணு சொல்லிடுறேன். அப்பறம் என்னைக் கொற சொல்லக்கூடாது. இத ஒரு அவசரத்துக்கு வெச்சா கால் ரூவா பெறாது. ஒரு அடகுக் கடைக்காரனும் எடுக்க மாட்டான். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

பத்தர் துடைப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார். காதைப் பார்த்தார், வேப்பங்குச்சியைப் பார்த்தார். அதற்குள் வீரமலை வந்துவிட்டான்.

"என்னாங்க சொல்றாரு?"

"மரை நல்லா வெட்டிருக்கு, சாமானியத்துல தேயாதுன்னேன்" என்றார் பத்தர்.

கம்மல் போகக் கையில் மிஞ்சியதில் மாரியாயி ஒரு மூட்டை குருணை வாங்கிப் போட்டாள். நல்ல பவுன் எடுத்திருந்தால் இது மிஞ்சியிருக்காது. அடுக்குப் பானைகளில் கொட்டி, வேப்பிலை போட்டு மூடினாள். எதற்கு இப்போதே என்று வீரமலை கேட்டான். கெடக்கட்டும் என்றாள்.

ஆவணியும் புரட்டாசியும் ஒரு நீளமான பகல் மாதிரி போயின. களத்தில் அவளைக் "கவர்மெண்டு கம்மல்" என்றே கூப்பிட்டார்கள். "ஏ கவர்மெண்டு, அந்தப் பக்கம் கிண்டு!" அவளுக்கு உறைக்கவில்லை. தலையை ஆட்டினால் கம்மலும் கூட ஆடியது. சாயங்கால வெயிலில் அது நெல்லின் நிறமாகவும் இல்லாமல் செம்பின் நிறமாகவும் இல்லாமல் வேறு ஏதோ நிறமாக இருந்தது. இரண்டு மாசமும் காதைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வரப்புகூட அவள் இழுக்கவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. முதல் நாள் படுதாவை இழுத்து மூடினார்கள். இரண்டாம் நாள் குவித்தார்கள். மூன்றாம் நாள் மேஸ்திரி கேட்டைச் சாத்தினார். அதன் பிறகு மழை மட்டும்தான் வேலை செய்தது. இருசம்மாளின் மூக்குத்தி போனது. லூர்துராணியின் வளையல் போனது. மாரியாயி குருணையை அளந்து கஞ்சி வைத்தாள். மூட்டையில் பாதி அக்கம்பக்கத்துக்கே போய்விட்டது; கேட்டவர்களுக்கு எப்படி இல்லை என்பது?

வீரமலையோடு மூட்டை ஏற்றுகிற பெரியண்ணன் என்பவன் ஒரு நாள் வந்தான். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய பாக்டரி கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள், மழையிலும் வேலை உண்டு, தானும் தினம் விடிகாலை பஸ்ஸில் போய் வருவதாகச் சொன்னான்.

"மண்ணு வெட்டவா? நான் நெல்லு மூட்டை தூக்குறவன்யா" என்றான் வீரமலை.

"சிமிண்டு மூட்டையும் இருக்கு மாமா. கவலப்படாதிய, அதுவும் முதுகுலதான் உக்காரும்."

"அங்க போயி எவனோ விசிலடிக்கிறதுக்கு ஓடச் சொல்றியா? தைக்கு மில்லு தெறந்துரும், போ."

பதினோராம் நாள் கடைசிப் பானையில் கை விட்டால் அடி தட்டியது. வீரமலை பானையை எட்டிப் பார்த்தான். அப்புறம் திரும்பி அவள் காதைப் பார்த்தான்.

"கழட்டு மாரி. தைக்கு மீட்டுரலாம்."

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இரண்டையும் கழற்றி, ஒரு பழைய காகிதத்தில் மடித்து, அவன் கையில் வைத்தாள். அவன் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கிப் போனான். தெருக்கோடி திரும்புகிற வரை அந்தச் சாக்கு தெரிந்தது. போய் நிறுத்திவிடலாமா என்று ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்தாள். அங்கிருந்தே திரும்பி உள்ளே போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். நனைந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. காகிதத்தை அவள் முன்னால் வைத்தான்.

"இங்க ஒரு கட. டோல்கேட்டுல ஒரு கட. டவுனுக்கே நடந்து போயி ஒரு கட. போயிட்டு நடந்தே வரேன். டவுன் கடக்காரன் கல்லுல இழுத்துப் பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்தான் பாரு. 'ஏம்ப்பா, பொண்டாட்டிய நீ ஏமாத்துனியா, ஒன்ன எவனாச்சும் ஏமாத்துனானா'ன்னு கேக்குறான். கடையில இருந்தவனெல்லாம் சிரிக்கிறான்."

மாரியாயி துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"எடுக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"அதுக்குத்தான் எடுத்தேன்."

ரெங்கம்மா போர்வைக்குள்ளிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் இந்த மழையில அனுப்புனியாடி?"

"சொல்லிருந்தா நம்பிருப்பீங்களா? பொம்பளப் பேச்சுன்னு மறுநாளு போயிருப்பீங்க. நீங்களே போயி நீங்களே கேட்டுட்டு வாங்கன்னு விட்டுட்டேன். தப்புத்தான். நீங்க போன நேரத்துலேர்ந்து நானும் ஒரு எடத்துல உக்காரல." அவள் குரல் இறங்கியது. "ஏழு வருசம் கழட்டிக் குடுத்தேன். ஒரு வருசமாச்சும் ஒரு வார்த்த எதுத்துப் பேசிருக்கேனா? கஷ்டம்னு வந்தா நீங்க வானத்தப் பாக்கல, ரோட்டப் பாக்கல, என் காதத்தான் பாத்தீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு போகாம இருக்கணும்னு இருந்துச்சு."

"புள்ள பட்டினி கெடந்தா அந்தக் கம்மல வேகவெச்சுப் போடுவியா?"

"இன்னம் ரெண்டு நாளைக்கு இருக்கு."

"அப்பறம்?"

அவள் எழுந்து கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

அன்றைக்கு அவன் கஞ்சியைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். காகிதம் வைத்த இடத்திலேயே கிடந்தது.

கோழி கூப்பிடும்போது அவள் கண் விழித்தாள். வீரமலை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். மழை கொஞ்சம் தூறலாக இறங்கியிருந்தது.

"பெரியண்ணன் எந்த பஸ்ஸுக்குப் போறான்?"

"அஞ்சரைக்கு" என்றாள்.

"சார்ஜுக்கு அவன்கிட்டத்தான் கேக்கணும். ராத்திரிக் கஞ்சி இருக்கா?"

அவள் தூக்குச்சட்டியில் ஊற்றி, மேலே இரண்டு வெங்காயம் வைத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றான். தெருவில் வந்த பெரியண்ணனைத் தானும் வருவதாகக் கை காட்டி நிறுத்திவிட்டுச் சாக்கை எடுத்தான். ஆனால் தலையில் போட்டுக்கொள்ளவில்லை.

"அத எடுத்துக் காதுல போடு."

"அப்பறமா போட்டுக்குறேன். பஸ்ஸு போயிடும்."

"போடுங்குறேன்ல. அதுனாலதான சிமிண்டு தூக்கப் போறேன். வெறுங்காதோட நின்னீன்னா நான் எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியாது."

அவள் குனிந்து காகிதத்தைப் பிரித்தாள். வலது காதில் சட்டென்று ஏறிவிட்டது. இடது காதுத் திருகாணிக்கு ஈரக் கை பிடி கொடுக்கவில்லை. வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. தெருவில் பெரியண்ணன் "மாமா, நேரமாச்சு!" என்று குரல் கொடுத்தான். "இருய்யா" என்றான் வீரமலை, திரும்பிப் பார்க்காமல்.

மரை பிடித்தது. அவள் ஒரு சுற்று, இரண்டு சுற்று திருகினாள். மூன்றாவது சுற்றில் இறுகியது. அதைப் பார்த்த பிறகுதான் அவன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூறலில் இறங்கினான்.